பழைய சன் ஸ்பார்க்கில் டெக்: டெடெக்கா, டெக் லைவா?

டெக் என்பது கட்டளைகள் எழுதி நூல், கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருள். அதைச் சன் நிறுவனத்தின் பழைய ஸ்பார்க் செயலிக் கணினியில் நிறுவ, டெடெக், டெக் லைவ் என்று இரண்டு தொகுப்புகள். எதை நிறுவினாலும் முதல் முட்டுக்கட்டை ஒன்றுதான். அதன் இயங்குதளமான சொலாரிஸ் 2 வரிசையில், மூலநிரலை ஓடும் நிரலாக்கும் சி கம்பைலர் கூடவே வருவதில்லை. /யுஎஸ்ஆர்/யுசிபி/சிசி என்று ஒன்று இருக்கும். ஓட்டிப் பார்த்தால், மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று கைவிரித்துவிடும். ஆகவே முதலில் இலவசக் கம்பைலரான ஜிசிசியையும், கட்டும் வேலையை நடத்தும் க்னு மேக்கையும் நிறுவ வேண்டும்.

அதன்பின் தாமஸ் எஸ்ஸரின் டெடெக் 3.0 ரொம்பச் சாது. 2005-இல் வந்த கடைசிப் பதிப்பு. மறு ஆண்டே அவர் பராமரிப்பை நிறுத்திவிட்டார். மூலநிரல் ஒரு டார் கோப்பு (பல கோப்புகளைக் கட்டிய பொதி), எழுத்துருக்களும் துணைக்கோப்புகளும் உள்ள டெக்ஸ்எம்எஃப் மரம் இன்னொன்று. மரத்தை முதலில் அதன் இடத்தில் விரித்து வைத்துவிட்டு, கன்ஃபிகர், மேக் வேர்ல்ட் என்ற இரண்டு கட்டளைகளை ஓட்டினால் போதும். சி-யும் கொஞ்சம் சி++-உம் போதும். பழைய ஜிசிசியே சமாளிக்கும்.

இன்றைய டெக் லைவ் அப்படியில்லை. யூனிகோடைக் கையாளும் ஜீடெக் இழுத்துவரும் ஐசியு நிரல் நூலகத்துக்குப் புதிய சி++ வேண்டும். லுவா மொழி நிரல்களை வேகமாக ஓட்டும் லுவாஜிட்டுக்கு ஸ்பார்க் ஆதரவே கிடையாது. கன்ஃபிகரில் இரண்டையும் அணைத்துவிட்டு, டெக், நேரே பிடிஎஃப் தரும் பிடிஎஃப்டெக், டெக்கின் வெளியீட்டைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக்கும் டிவிஐபிஎஸ் மட்டும் கட்டலாம். முழுத் தொகுப்போ பல ஜிபி. அந்தக் கால வட்டு தாங்காது.

டெடெக்கின் குறை வேறு. அதிலுள்ள பிடிஎஃப்டெக் பழசு என்பதால் எக்ஸ்பிஎல்3 என்ற புதிய நிரல் அடுக்கை நம்பிய இன்றைய லாடெக் (டெக்கின் மேல் எழுந்த எளிய கட்டளைத் தொகுதி) தொகுப்புகள் ஓடாது. ஜீடெக் இல்லாததால் யூனிகோடு தமிழும் நேரடியாக வராது.

1994-இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5 போன்றவற்றுக்கு என் ஓட்டு டெடெக்குக்கே. புதிய தொகுப்பு கட்டாயம் என்றால் மட்டும் டெக் லைவோடு மல்லுக்கட்டலாம், அதுவும் ஸ்பார்க்கின் பிந்தைய 64-பிட் வகையான அல்ட்ராஸ்பார்க்காவது இருந்தால்.