ஹர்டி-கர்டி: ஆறு வருடமும் ஒரு சக்கரமும்

பழைய வியெல் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சக்கரம் உருண்டு தந்திகளை உரசிப் பாட வைக்கும் வாத்தியம் ஹர்டி-கர்டி, பிரான்சில் அதற்கு வியெல் என்று பெயர். என்னுடையதை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. போன மாதம்தான் சக்கரம் சரியாகிக் கைக்கு வந்தது என்பதால் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சக்கரம் உரசும் இடத்தில் தந்திகளில் சுற்றியிருக்கும் பஞ்சை மாற்றும்போது சுருதி சேர்க்கும் இரும்புச் சாவி கை தவறிச் சக்கர விளிம்பில் விழுந்தது. அரை அரிசி அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதற்கப்புறம் சுற்றுக்கு ஒரு 'டக்'. இந்த வாத்தியத்துக்குச் சக்கரம்தான் வில், அதுவும் நிற்காத வில். வயலின் மாதிரி கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு வாசிக்க வழியே இல்லை. போதாததற்கு, குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடிய அறையில் மரம் காய்ந்து சக்கரம் வட்டம் தப்பியிருந்தது. சீராக நிற்க வேண்டிய சுருதித் தந்திகள் ஏறி இறங்கி மூச்சு வாங்கின.

முதலில் கொடுத்த பட்டறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சக்கரத்தை மட்டும் கழற்றி லேத்தில் கடைந்து நான்கு மாதம் கழித்துத் தந்தார்கள், முன்னைவிட மோசம். அச்சில் மயிரிழை விலகல் இருந்தால் போதும், லேத்தில் வட்டமாக இருந்தது பெட்டிக்குள் வட்டமாக இருக்காது.

அடுத்துச் சக்கரத்தைப் பார்த்தவர் பிரான்சின் அல்லியே பகுதிக்காரர். 19ஆம் நூற்றாண்டில் பஜோ குடும்பத்தார் ஜான்சா கிராமத்தில் வியெல் செய்த பூமி அது. அவர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. தந்திகளை விலக்கி, தந்தியைப் பிடிக்கச் சக்கரத்தில் தடவும் பிசினான ரோசினை, பழையதை ஆல்கஹாலால் துடைத்து, விளிம்பை ஒட்டிப் பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். மேடான இடத்தில் மட்டும் கோடு விழுந்தது. அப்புறம் ஒரு கட்டையை இறுக்கி அதன்மேல் உளியை வைத்து, நான் மெதுவாகச் சுற்றச் சுற்ற, பள்ளம் மறையும்வரை தூள் தூளாகச் சீவினார். பிறகு உப்புத்தாள், புது ரோசின், புதுப் பஞ்சு. சக்கரம் கொஞ்சம் சிறுத்துவிட்டதால் முதலில் குரலே எழும்பவில்லை. தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையில் தந்திக்கு அடியில் சொருகியிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவியபிறகுதான் வந்தது.

எப்படி வந்தது தெரியுமா! வீணையில் குதிரை என்கிறோமே, இங்கே சுருதித் தந்திகளில் ஒன்றான ட்ரோம்பெட் தந்தியைத் தாங்கும் குட்டிக் குதிரைக்கு 'நாய்' என்று பெயர். கைப்பிடியைச் சுற்றும்போது மணிக்கட்டைச் சட்டென்று வெட்டி இழுத்தால் அதன் ஒரு கால் பலகையில் அடித்து 'ட்ர்ர்' என்று உறுமும். இத்தனை வருடமும் என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது சுற்றின் எந்த இடத்தில் வெட்டினாலும் உறுமுகிறது. அன்று ராத்திரி சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால் பிளாஸ்டிக் விளிம்பு வைத்த சக்கரமாகப் பாருங்கள், ஈரத்துக்கும் ஹீட்டருக்கும் அவ்வளவாக அசையாது. என் மரச் சக்கரத்தை மட்டும் நான் மாற்றமாட்டேன். விளிம்பில் இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை சீவ மரம் இருக்கிறது என்று அந்த அல்லியேக்காரர் சொல்லியிருக்கிறார்.