மூன்று இனக் குதிரைகளில் போட்டுப் பார்த்த ஒரே தாண்டல் சேணம்

தடை தாண்டுவதற்கென்றே செய்த தோல் சேணம். இருக்கை 17 அங்குலம். முன்பக்கம் உள்ளே இருக்கும் கல்லட் தகட்டை (சேணத்தின் முன்பக்க அகலத்தைத் தீர்மானிக்கும் தகடு) கழற்றிவிட்டு வேறு அகலத் தகட்டை மாட்டிக்கொள்ளலாம். இதே அமைப்பில் பல கம்பெனிகள் சேணம் செய்கின்றன, அதனால் பெயர் வேண்டாம். ‘எந்தக் குதிரைக்கும் பொருந்தும்’ என்பதுதான் இதை விற்பவர்கள் சொல்வது. நான் சவாரி செய்யும் மூன்று குதிரைகளும் மூன்று இனம்: ஒரு ஹனோவேரியன், பந்தயத்திலிருந்து வந்த ஒரு தரோபிரெட், ஒரு ஹாஃப்லிங்கர். மூன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் குதிரைக்கு அற்புதம். இரண்டாவதற்குக் கொஞ்சம் வேலை பார்த்தால் சரி. மூன்றாவதற்கு வேண்டவே வேண்டாம்.

சேணம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், தோலைத் தடவிப் பார்க்கிறார்கள். சவாரி செய்பவருக்கு வசதியாக இருந்தால் போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். அந்த வகையில் இந்தச் சேணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழங்காலுக்கு முன்னால் இருக்கும் மெத்தைக் கட்டையை நம் தொடை நீளத்துக்கு ஏற்ப இடம் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். பக்கத் தோல் நன்றாக முன்னோக்கி வெட்டப்பட்டிருக்கிறது, அங்கவடியை நாலு துளை ஏற்றினாலும் முழங்கால் வெளியே போகாது.

இந்த முன்னோக்கிய வெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லியின் காலம் வரைக்கும், தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி, கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் தாண்டினார்கள். குதிரையின் வாயும் முதுகும் என்ன பாடுபட்டிருக்கும்! அங்கவடியைக் குட்டையாக்கி, இருக்கையிலிருந்து எழுந்து, குதிரையின் அசைவோடு முன்னால் போகச் சொன்னவர் காப்ரில்லி. 1907ல், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். இன்று நாம் ஏறும் ஒவ்வொரு தாண்டல் சேணமும் அவர் சொன்னதற்கு ஏற்ப வெட்டப்பட்டதுதான். முதுகுக்கு விடுதலை கொடுப்பதற்காகப் பிறந்த சேண வடிவம் இது. அதே சேணம் முதுகை அழுத்தினால் எனக்குப் பொறுக்காது.

சரி, குதிரைகளுக்கு வருவோம்.

ஹனோவேரியன்களின் பின்னணியில் இருப்பது இன்றைய ஜெர்மனியின் செல்லே நகரில் 1735ல் தொடங்கிய அரசுப் பொலிகுதிரைப் பண்ணை. உழவுக்கும் வண்டிக்கும் படைக்கும் வளர்த்த கனமான இனத்தில் தரோபிரெட் ரத்தம் கலந்து கலந்து இன்றைய விளையாட்டுக் குதிரையாக ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் ஹனோவேரியனுக்கு அகன்ற தோள், நீண்டு சரிந்த தோள்பட்டை, லேசான குழிவுள்ள முதுகு. அகலத் தகட்டை மாட்டி, சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி போகும் திசையிலேயே பின்னால் நகர்த்தினேன். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தானாகவே ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பிடரி முடியும் இடத்தில் இருக்கும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் மூன்று விரல் தாராளமாக நுழைகிறது. பேனலுக்கு (குதிரையின் முதுகில் படும் சேணத்தின் அடிமெத்தை) அடியில் உள்ளங்கையை விட்டு முன்னாலிருந்து பின்னால் வரை தடவினால், எங்கேயும் கை மாட்டவில்லை, எங்கேயும் தொங்கலாகவும் இல்லை.

தாண்டும்போதுதான் இதன் அருமை தெரிந்தது. முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னோக்கிச் சுழலும். சேணம் அதன்மேல் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு காலடியிலும் இடிக்கும். தடைக்கு மேலே போகும்போது நல்ல குதிரை கழுத்தை நீட்டி முதுகை மேலே உயர்த்தி வளைக்கும். அந்த உயர்வுக்குச் சேணம் இடம் கொடுக்காவிட்டால் குதிரை முதுகை உள்வாங்கிக்கொள்ளும், பின்னங்கால் தொங்கும், தடையின் குறுக்குக் கட்டை தட்டி விழும். போட்டியில் விழும் ஒரு கட்டைக்கு 4 தண்டப் புள்ளி. நான் தாண்டுவது ஒரு மீட்டர் உயரம்தான், உலகப் போட்டிகளின் 1.60 மீட்டரெல்லாம் பார்த்து ரசிப்பதோடு சரி. ஆனால் அந்த ஒரு மீட்டரிலேயே வித்தியாசம் தெரிகிறது. பழைய சேணத்தில் இவன் இரட்டைத் தடையின் இரண்டாவது கட்டைக்கு வரும்போது காதை மடக்குவான். இப்போது காதை நிமிர்த்திக்கொண்டு அடுத்த தடையைத் தேடுகிறான். இறங்கிய பிறகு இரண்டு காலடி கேண்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) எடுப்பதற்குள் என்னை முன்னே இழுத்துக்கொண்டு போகிறான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதி மாளாது.

தரோபிரெட் பெண்குதிரைக்குத் தோள்மேடு உயரம், இரண்டு பக்கமும் சதை குறைவு, மேட்டுக்குப் பின்னால் குழி. நடுத்தர அகலத் தகட்டோடு வைத்தபோது முன்பக்கம் இறங்கிவிட்டது, மேட்டுக்கு மேல் ஒரு விரல்கூட நுழையவில்லை. அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். குறுகிய தகடு மாட்டியதும் உயரம் சரியானது. ஆனாலும் அந்தக் குழி இரண்டு பக்கமும் வெற்றிடமாக நின்றது. நல்லவேளை, இந்தச் சேணத்தின் பேனலில் ஃபோம் இல்லை, கம்பளிதான். சேணம் பொருத்துபவர் வந்து முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கம்பளி அடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு பிரச்சினை இல்லை. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரமாக இருக்க வேண்டும். நடுவே ஒரு வட்டம் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், அல்லது சேணம் படவே இல்லை. இவளுக்கு இப்போது தடம் சீராக விழுகிறது.

இவளுக்காக இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. பந்தயத்தில் சோபிக்காத தரோபிரெட்டைக் கழித்துக்கட்டும் பேச்சு எனக்குப் பிடிக்காது. குதிரை உயரம் தாண்டலில் உலகச் சாதனை 2.47 மீட்டர். 1949ல் சிலி நாட்டின் வினா டெல் மார் நகரில் கேப்டன் ஆல்பர்ட்டோ லாராகிபெல் ஏறித் தாண்டியது. இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை. அந்தக் குதிரை ஹுவாசோ ஒரு தரோபிரெட், பந்தய ஓட்டத்தில் தேறாதது!

ஹாஃப்லிங்கர் விஷயத்தில்தான் ‘எந்தக் குதிரைக்கும்’ என்ற பேச்சு நிற்கவில்லை. ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் இருக்கும் டைரோல் மலைப்பகுதியின் இனம் இது. செம்பழுப்பு உடல், வெளிர்நிறப் பிடரி. 1874ல் பிறந்த ஃபோலி என்ற ஒரே குதிரையின் வம்சம்தான் இன்று இருக்கும் எல்லாமே. முதுகு குட்டை, அகலம், மேசை மாதிரித் தட்டை. அதிக அகலத் தகடு மாட்டியதும் முன்பக்கம் அழகாக உட்கார்ந்தது. ஆனால் சேணத்தின் பின்விளிம்பை ஒரு விரலால் அழுத்தினால் முன்பக்கம் எழும்புகிறது, விட்டால் திரும்ப விழுகிறது. காரணம் எளிது. தகடு மாற்றினால் மாறுவது முன்பக்க அகலம் மட்டும். சேணத்தின் உள்சட்டம் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு குறிப்பிட்ட வளைவில் வார்க்கப்பட்டது, அதை எந்தத் தகடும் மாற்றாது. வளைந்த சட்டம் தட்டை முதுகில் ஆடத்தான் செய்யும். போதாக்குறைக்கு, 17 அங்குல இருக்கைக்கு ஏற்ற பேனல் இவனுடைய கடைசி விலா எலும்பைத் தாண்டிப் போகிறது. அங்கே எடை விழவே கூடாது. வயிற்று வாரை இழுத்ததும் திரும்பி என் கையைப் பார்த்தான், வாலை அடித்தான். ஏறாமலே கழற்றிவிட்டேன்.

குட்டைக் குதிரைதானே, தடை தாண்டவா போகிறது என்று சிலர் சொல்வார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஸ்ட்ரோலர் என்ற போனி (குட்டை இனக் குதிரை), பிரிட்டன் வீராங்கனை மரியன் கோக்ஸோடு பெரிய குதிரைகளுக்கு நடுவில் தனிநபர் வெள்ளி வாங்கியது. குட்டைக் குதிரைக்கும் பொருந்துகிற சேணம் கிடைக்க வேண்டும்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. தோல் ஆரம்பத்தில் விறைப்பு, போகப்போகப் பழகிவிடும். தையல் உறுதி. முழங்கால் கட்டையின் ஒட்டுப்பட்டையில் முடி சேர்ந்தால் பிடி தளர்கிறது, பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கவடி மாட்டும் கொக்கியின் நுனியைத் திறந்தே வையுங்கள், விழுந்தால் வார் கழன்று வர வேண்டும். தகடு மாற்றியபின் முதல் சில சவாரிகளுக்குத் திருகுகளைச் சோதியுங்கள், எனக்கு ஒன்று தளர்ந்திருந்தது.

உங்கள் குதிரைக்கு லேசான குழிவுள்ள முதுகு என்றால் தயங்காமல் வாங்கலாம். சதை கூடிக் குறையும் இளம் குதிரைக்கு இந்தத் தகடு வசதி பெரிய வரம். வாங்கும் முன் குதிரையின் மேலேயே வைத்துப் பார்க்கச் சம்மதிக்கும் கடையாகப் பாருங்கள். ஹாஃப்லிங்கருக்கு வளைவு குறைந்த உள்சட்டமும் குட்டைப் பேனலும் உள்ள தாண்டல் சேணம் தேடிக்கொண்டிருக்கிறேன், பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.