செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600: கார்டு 12,500, மொத்தச் செலவு வேறு

ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்கிற கிராபிக்ஸ் கார்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 4 ஜிபி, தனியாகப் பவர் கேபிள்கூடக் கேட்காது, ஸ்லாட்டில் வருகிற 75 வாட்டிலேயே பொழைத்துக்கொள்ளும் சாது. ஆனால் 2025 அக்டோபரோடு என்விடியா அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். சில புது கேம்கள் ரே டிரேசிங் (வெளிச்சமும் நிழலும் நிஜம்போல விழக் கணக்குப் போடும் வசதி) இல்லாத கார்டு என்றால் திறக்கவே மறுக்கின்றன. சரி, மாற்றிவிடலாம் என்று 15,000 ரூபாய் ஒதுக்கினேன்.

என் மெஷின் ஐ5 9400எஃப் பிராசசர், எச்310 மதர்போர்டு, 1080பி மானிட்டர், 16 ஜிபி ராம். (ராம் விலை இப்போது போகிற போக்கில், அதை முன்னாடியே போட்டு வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.) போர்டில் கார்டு மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் பழைய 3.0 வகை என்பதால் விலையைப் பார்த்து ஆசைப்பட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி முதலிலேயே அடிபட்டுப் போனது. அதற்கு நாலே லேன் (டேட்டா போகும் பாதை), மெமரியும் 4 ஜிபி, 3.0 போர்டில் மெமரி நிரம்பியதும் திணற ஆரம்பித்துவிடும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாவிட்டால் வேகம் ரொம்பவே குறையும், இன்டெல்லே பத்தாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் பரிந்துரைக்கிறது, என்னுடையது ஒன்பது. ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி வகை 70 வாட்தான், கேபிள் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்குக் கரண்ட் தரும் பெட்டி) மாற்ற முடியாதவர்களுக்கு அது சரிப்படும், ஆனால் வேகம் போதாது. மிச்சம் இருந்தது 2021இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், எட்டு லேன் என்பதால் பழைய போர்டிலும் பெரிய நஷ்டமில்லை. புதுசு என் பட்ஜெட்டில் வராது.

அதனால் செகண்ட் ஹேண்ட் கார்டு தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, பெட்டியே பிரிக்கல பாஸ், 7,500 கொடுங்க" என்றார். பென் டிரைவில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் வைத்திருக்கிறேன், ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதுமே அவருக்கு என் மேல் இருந்த அன்பு பாதி குறைந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் ஷேடர் (படம் வரையும் சின்னக் கணக்கு யூனிட்) 2048. அசல் 580க்கு 2304 இருக்க வேண்டும். இது சீனச் சந்தைக்கு என்று வந்த வகை, வேலையில் 570தான். "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்றார். ஒன்றில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடை மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன அறை. பெயர் போட்டால் விளம்பரம் என்பீர்கள், விடுங்கள். அங்கே இருந்த பையன் 6600ஐ பில்லோடு எடுத்து வைத்தான். பில்லில் இருந்த சீரியல் நம்பரும் கார்டின் முதுகில் ஒட்டியிருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. பில் தேதி 2023. கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓட்டி எத்தீரியம் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துபோன கதை, ஆக இந்தக் கார்டு அந்தச் சூளையில் வெந்திருக்க வாய்ப்பு குறைவு. ஸ்குரூ மேல் ஒட்டியிருந்த சீல் கிழியவில்லை, ஹீட் சிங்க் இடுக்கில் சாதாரண வீட்டுத் தூசிதான், பிசுக்கு இல்லை. ஓட விட்டதும் ஃபேன் இரண்டும் சுற்றவே இல்லை, எனக்கு அடிவயிறு கலங்கியது. அவன் சிரித்தான். "சூடாகாம ஃபேன் சுத்தாதுண்ணா, அப்படித்தான் செட்டிங். அரை மணி நேரம் ஃபர்மார்க் ஓடட்டும், கீழ போய் டீ சாப்பிட்டு வாங்க." ஃபர்மார்க் என்பது கார்டை முழு மூச்சாக ஓட்டிச் சோதிக்கும் புரோகிராம். திரும்பி வந்தபோது 71 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகச் சூடான இடம்) 86, திரையில் ஒரு புள்ளி பிசகு இல்லை. 13,000 சொன்னான், 12,500க்கு முடித்தோம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவரை இப்படி உட்கார வைத்து ஓட்டிக் காட்டுகிற கடைக்கு 500 ரூபாய் கூடவே கொடுக்கலாம், பேரம் பேசியது பழக்க தோஷம்.

இதுவரை எல்லாம் நல்லபடி. கெட்டது என் கஞ்சத்தனத்தால். என் எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு இலவசமாக வந்தது, மேலே 450 வாட் என்று எழுதியிருக்கும், கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். அதில் இந்தக் கார்டுக்கு வேண்டிய 8 பின் பவர் கேபிளே கிடையாது. வேறொரு கடையில் 120 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற மோலெக்ஸ் கேபிளிலிருந்து இழுத்து மாட்டினேன். டெஸ்க்டாப் வந்தது, யூடியூப் ஓடியது, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 திறந்து குதிரை நாலு அடி வைத்ததும் மொத்த மெஷினும் படக்கென்று அணைந்தது. இரண்டாவது தடவையும் அதே இடம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அந்தக் கன்வெர்ட்டரைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை, வெள்ளை பிளாஸ்டிக் ஓரத்தில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இந்தக் கார்டுக்குக் குறைந்தது 450 வாட் வேண்டும் என்று ஏஎம்டி சொல்வது நிஜமான 450, ஸ்டிக்கர் 450 அல்ல. மறுநாள் 8 பின் கேபிள் சொந்தமாக உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் 3,100க்கு வாங்கினேன். அப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை.

இன்னொரு சில்லறைச் செலவு: என் இரண்டாவது மானிட்டர் டிவிஐ, 6600இல் அந்தப் போர்ட்டே இல்லை, எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் மட்டும். கேபிள் 250.

இனி கார்டு எப்படி. பழைய டிரைவரை டிடியு என்கிற புரோகிராம் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஏஎம்டி டிரைவர் போட்டேன். ரெட் டெட்டில் லோ செட்டிங்கில் நொடிக்கு 35, 40 ஃபிரேம் என்று இருமிக்கொண்டிருந்தது இப்போது ஹையில் 65, 70. சைபர்பங்க் ரே டிரேசிங் இல்லாமல் 55 பக்கம், கூட்டமான தெருவில் என் பிராசசர் மூச்சு வாங்குவது தெரிகிறது, அது கார்டின் தப்பில்லை. ரே டிரேசிங்கை இதில் போடுவது போட்டோ எடுக்க மட்டும். சின்னதாக வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதியில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2 இருக்கிறது, 1080பியில் அதைப் போட்டால் கம்பி வேலியும் மரத்து இலையும் மினுமினுக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி வாலரண்ட் மட்டும்தான் ஆடுவான், அவனுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தெரியவும் தெரியாது. அது ஒன்றுதான் ஆடுவீர்கள் என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிந்து வாங்குங்கள். டூம்: தி டார்க் ஏஜஸ் கேம் கேட்கிற குறைந்தபட்ச ஏஎம்டி கார்டே இந்த 6600தான். ஓடும், ஆனால் கடைசிப் படியில் நின்றுகொண்டு ஓடும். இரண்டு, மூன்று வருஷம் வரும் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

கணக்கு பார்த்தால், வீணான கன்வெர்ட்டரையும் சேர்த்து 15,970. பழைய 1050 டிஐ 3,200க்குப் போனது. நடுவில் கரண்ட் போனால் முன்பு பத்து நிமிஷம் தாங்கிய யூபிஎஸ் இப்போது கேம் ஓடும்போது மூன்று நிமிஷத்தில் அலற ஆரம்பிக்கிறது, பேட்டரி மாற்ற வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.