சொரியாசிஸ் திட்டுகளுக்கு செல்போன் டெர்மாஸ்கோப்: எதைக் காட்டும், எதைக் காட்டாது

சொரியாசிஸ் திட்டுகளின் மாற்றத்தைக் கவனிக்க டெர்மாஸ்கோப், அதாவது செல்போன் கேமராவில் கிளிப் போட்டு மாட்டும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் 10 மடங்கு லென்ஸ் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, போலரைஸ்டு வெளிச்சத்துக்கும் சாதாரண வெளிச்சத்துக்கும் மாற்றிக்கொள்ள சுவிட்ச் இருக்கிறதா என்பதைத்தான். சொரியாசிஸுக்கு இரண்டும் வேண்டும். போலரைஸ்டில் தோலின் பளபளப்பு அடங்கி, சீராகப் பரவிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். விரிந்து சுருண்ட நுண் ரத்தக்குழாய்களின் நுனிகள் அவை. செதில் எடுப்பாகத் தெரிவது சாதாரண வெளிச்சத்தில்.

படம் பெரும்பாலும் கெடுவது அழுத்தத்தால். கண்ணாடித் தட்டைத் தோலில் அமுக்கினால் ரத்தம் விலகிப் புள்ளிகள் வெளிறிவிடும், நோய் தணிந்தது போலத் தோன்றும். தொட்டும் தொடாமலும் வைத்து, திரையில் நிறம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே எடுங்கள். களிம்போ எண்ணெயோ பட்டால் செதில் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மங்கிவிடும். அதனால் செதில் படம் எப்போதும் களிம்புக்கு முன், உலர்ந்த தோலில். அதன் பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அடியில் இருக்கும் புள்ளிகளை எடுக்கலாம். செதிலைச் சுரண்டி எடுக்கவே கூடாது. ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசியும், காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டும் கிளம்பலாம்.

தடிப்பை இந்த லென்ஸ் காட்டாது. பெரிய குறை இதுதான். லென்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தால் திட்டின் ஓரத்தில் நிழல் விழும். அந்த நிழல் ஒடுங்க ஒடுங்கத் தடிப்பு இறங்குகிறது என்று பொருள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பியூட்டி மோடும் நைட் மோடும் அணைந்திருக்க வேண்டும், ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமநிலை) மாறாதபடி பூட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்போனே சிவப்பைத் திருத்திவிடும்.

உடல் முழுக்க எடுக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று திட்டுகள், வாரம் ஒரு முறை, அதே இடம், அதே தூரம். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் குறித்து வையுங்கள். சொரியாசிஸின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் போடும் பாசி (PASI) கணக்கிலும் இதே அளவுகோல்தான். திட்டு பரவிய அளவைக் கணக்கிட, விரல்களோடு சேர்த்து நோயாளியின் உள்ளங்கை உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம்.

கருத்த தோலில் சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரிவதால், வெறும் கண் குறைத்து மதிப்பிடும். லென்ஸ் வாங்கிய காசுக்குப் பலன் இங்கேதான். திட்டு தட்டையாகி, புள்ளிகளும் போய், கருமை மட்டும் மிஞ்சியிருந்தால் அது அழற்சி ஆறிய பிறகு தங்கும் நிறம். அதற்காக மருந்தைக் கூட்ட வேண்டாம்.

சீழ்க் கொப்புளம் பரவினாலோ, உடல் முழுக்கச் சிவந்து காய்ச்சலோ குளிரோ வந்தாலோ, படம் எடுத்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.