மும்பை காலா கோடா மியூசியத்துல சர் ரத்தன் டாடா வாக், போயிட்டு வந்து எழுதறேன்

போன ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு மாட்டுங்காலேர்ந்து டிரெயின் புடிச்சுப் போனோம், சத்ரபதி சிவாஜி மியூசியத்துக்குள்ள ஒரு சின்ன குரூப் நடத்தற கைடட் வாக், ரெண்டு மணி நேரம், ஆளுக்கு 500 ரூபா, என்ட்ரி டிக்கெட் தனி. சர் ரத்தன் டாடாவோட வாழ்க்கையும் அவர் சேர்த்த பொருளும்தான் விஷயம். முதல்லயே சொல்லிடறேன், இவர் 2024ல போன நம்ம ரத்தன் டாடா இல்ல, டாடா கம்பெனியை ஆரம்பிச்ச ஜாம்ஷெட்ஜியோட சின்ன பையன், 1871ல பொறந்து 1918ல 47 வயசுலயே இங்கிலாந்துல இறந்துட்டார். குழந்தை கிடையாது. அவர் போனப்புறம் மனைவி நவாஜ்பாய் தத்தெடுத்த நவல் டாடாவோட மகன்தான் நமக்குத் தெரிஞ்ச ரத்தன். அப்பா இதை ரெண்டு தடவை கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட்டார்.

கம்பெனிக்கு ஷாங்காய், கோபேல எல்லாம் கிளை இருந்த குடும்பம், அதனால சீனா, ஜப்பான் சாமான் மேல இவருக்கு இருந்த ஆசை புரியுது. 1906ல லண்டன் பக்கத்துல ட்விக்கன்ஹாம்ல தேம்ஸ் கரையோரமா யார்க் ஹவுஸ்னு பங்களா வாங்கி, தோட்டத்துல இத்தாலி மார்பிள் சிலையெல்லாம் வச்சிருக்கார், அந்த சிலைங்க இன்னிக்கும் அங்கயே இருக்கு. மத்த கலெக்ஷன் அவர் காலத்துக்கப்புறம் இந்த மியூசியத்துக்கு வந்துருச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்னஃப் பாட்டில்தான். கட்டை விரல் அளவு மூக்குப்பொடி சீசா, மூடியோட அடியில ஒரு குட்டி ஸ்பூன் ஒட்டியிருக்கும். கண்ணாடி சீசான்னா வளைஞ்ச பிரஷ்ஷை வாய் வழியா உள்ள விட்டு உள்சுவத்துல படம் வரையற வித்தை ஒண்ணு உண்டு, அதைக் கைடு பொண்ணு கையாலயே அபிநயம் புடிச்சுக் காட்டுச்சு. ஜேடுங்கற கெட்டியான அலங்காரக் கல்லை உளி வச்சு செதுக்க முடியாது, மணலையும் தண்ணியையும் போட்டு நாள்கணக்கா தேய்ச்சுத்தான் உருவம் கொண்டு வரணும்னும் சொன்னாங்க. இதைக் கேட்டப்புறம் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே மனசு வரல, ஆனா அங்க நிறுத்தினது அஞ்சே நிமிஷம், அது எனக்குப் பெரிய குறை. ஒரு பேட்ச்ல இருபது பேருக்கு மேல, மைக்கும் கிடையாது, பின்னாடி நின்னவங்களுக்குப் பாதி கேக்கல.

ஆனா இந்த வாக்ல சாமான் மட்டும் காட்டி அனுப்பிடல, அதான் நல்லா இருந்துச்சு. வெளிநாட்டுல வாங்கிக் குவிச்ச அதே மனுஷன் பாடலிபுத்திரத்தைத் தோண்டறதுக்குப் பணம் குடுத்திருக்கார், 1913லேர்ந்து ஸ்பூனர்ங்கற தொல்லியல் அதிகாரி பாட்னா பக்கத்துல கும்ராரில் தோண்டி மௌரியர் காலத்துத் தூண் மண்டபத்தைக் கண்டுபிடிச்சது இவர் காசுலதான். அப்புறம் 1909ல தென்னாப்பிரிக்காவுல காந்தி நடத்தின சத்தியாகிரகத்துக்கு 25,000 ரூபா அனுப்பியிருக்கார், அதுக்கப்புறமும் அனுப்பியிருக்கார். அந்தக் காலத்து 25,000! அந்தப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனதுல பாதிக்கு மேல நம்ம தமிழ் ஜனங்கதானேன்னு அப்பா சட்டுனு தமிழ்லயே கேட்டுட்டார், கைடு பொண்ணு செம்பூர்காரி, அதுவும் தமிழ்லயே, ஆமா அங்கிள், நிறையத் தமிழங்க இருந்தாங்க, உள்ள போனவங்க குடும்பத்தைப் பாத்துக்கத்தான் அந்தப் பணம் பெருசா உதவுச்சுன்னு சொல்லுச்சு. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. தில்லையாடி வள்ளியம்மை பேரைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசுடான்னு எங்கிட்ட மெதுவா சொன்னார். வாக் முடிஞ்சதும் திரும்ப அந்த ஜேடு பெட்டிங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனதும் அப்பாதான்.

500 ரூபாய்க்குத் தாராளமா போகலாம், அஞ்சுக்கு நாலு குடுப்பேன். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா காலை பேட்ச் எடுங்க, முன்னாடி நில்லுங்க, நடுவுல உக்கார விடமாட்டாங்க.