டெம்பெலேயை வைத்துக்கொண்டது சரியா? ஒரே ஆட்டக்காரர், இரண்டு கொள்முதல்

2017 ஆகஸ்ட்டில் பிரெஞ்சு கால்பந்து ஆட்டக்காரர் உஸ்மான் டெம்பெலேக்காக பார்சிலோனா, ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டுக்குக் கொடுத்தது 105 மில்லியன் யூரோ. அதற்கு மேல் 40 மில்லியன் வரை நிபந்தனைத் தொகை. ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட்டில், அதே ஆட்டக்காரருக்கு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி கொடுத்தது சுமார் 50 மில்லியன். பார்சிலோனாவில் ஆறு சீசனில் 185 ஆட்டம், 40 கோல். பாரிஸில் 2024-25 என்ற ஒரே சீசனில் 35 கோல், கிளப்பின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2025 செப்டம்பரில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது.

இங்கே எடைபோடுவது அந்த இரண்டு ஒப்பந்தங்களையும், நடுவில் 2020, 2022 என்று திரும்பத் திரும்ப பார்சிலோனா முன்னால் வந்து நின்ற கேள்வியையும்தான்: விலை அதிகம், காயமும் அதிகம், இவரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? ரசிகர்கள் இதற்கு 105 மில்லியனை வைத்தே பதில் சொன்னார்கள். அந்தப் பணம் போன பணம். அதை வைத்து எடுத்த எந்த முடிவும் சரியாக வராது. பார்க்கவேண்டியது மூன்று: கணக்கில் இன்னும் எவ்வளவு மீதி, காயம் எந்த இடத்தில், ஆட வைக்காமல் ஓய்வு கொடுக்க கிளப்புக்கு வசதி இருக்கிறதா.

முதலில் வாங்கிய சூழ்நிலை. நெய்மாரை பிஎஸ்ஜி 222 மில்லியனுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பார்சிலோனாவின் கையில் எவ்வளவு பணம் என்று ஊருக்கே தெரியும். விற்பவன் விலை ஏற்றாமல் என்ன செய்வான்? டெம்பெலேக்கு வயது 20. பிரான்சின் ரென் கிளப்பில் ஒரு சீசன், டார்ட்மண்டில் ஒரு சீசன், அவ்வளவுதான் முழுநேர அனுபவம். இரண்டு இடத்திலும் பெரிய காயமில்லாமல் ஆடியிருந்தார். அதனால் 'முன்பே தெரிந்திருக்கவேண்டும்' என்ற குற்றச்சாட்டை நாங்கள் ஏற்கவில்லை. விலைதான் தப்பு, ஆள் தேர்வு தப்பில்லை.

இனி காயங்கள். இதைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

2017 செப்டம்பர் 16, கெட்டாஃபே மைதானம். லீகில் முதல்முறையாகத் தொடக்க அணியில் இறங்கிய ஆட்டம். இடது தொடையின் பின்புறம், பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார், கிழிந்தது. பின்லாந்தில் அறுவைச் சிகிச்சை, ஏறக்குறைய நான்கு மாத ஓய்வு. 2018 ஜனவரி முதல் வாரம் திரும்பினார். ஜனவரி 14, ரியல் சொசியேதாத் ஆட்டத்தில் அதே இடது தொடையில் பக்கத்துத் தசை போயிற்று. திரும்பிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

2019 ஆகஸ்ட்டில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே மறுபடி இடது தொடை. நவம்பரில் டார்ட்மண்டுக்கு எதிராக வலது தொடை. அதிலிருந்து தேறிவரும் பயிற்சியில், 2020 பிப்ரவரியில், வலது தொடையின் மேல்முனைத் தசைநாண் அறுந்தது. மறுபடி பின்லாந்து, ஆறு மாதம். அந்த லீக் சீசனில் அவர் ஆடியது மொத்தம் 5 ஆட்டம். 2021 யூரோ கோப்பையில் ஹங்கேரிக்கு எதிராக முழங்கால். மூன்றாவது அறுவைச் சிகிச்சை.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை விஷயத்தில் அது அளந்து பார்த்த உண்மை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளின் காயங்களை 2001 முதல் பதிந்துவரும் யூஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம்) ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவீதம் மறுகாயம். அந்த மறுகாயங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு மாதத்துக்குள் வந்தவை. அதே ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 20 வருஷத்தில் 12 சதவீதத்திலிருந்து 24 ஆக இரட்டித்திருக்கிறது. ஆட்டம் வேகமாகிவிட்டது; ஓரத்தில் வேகமாக ஓடும் விங்கர்கள்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

காரணம் இது: முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்கால் நீளும் வேகத்தைப் பின்தொடைத் தசை இழுத்துப் பிடித்து நிறுத்தவேண்டும். நீண்டுகொண்டே இறுகும் வேலை அது. தசையின் நடுப்பகுதி கிழிந்தால் மூன்று நான்கு வாரத்தில் சரியாகலாம். தசைநாண் போனால் மாதக்கணக்கு. டெம்பெலேக்கு இரண்டு காலிலும் தசைநாண் போனது. வலி நின்றதும் ஆள் தயாராகிவிட்டான் என்று எந்தக் கிளப் நினைத்தாலும் அதே இடத்தில் மறுபடி கிழியும்.

கணக்குக்கு வருவோம். வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று கிளப்புகள் செலவெழுதும். 105 மில்லியன், ஐந்து ஆண்டு, ஆக வருஷத்துக்கு 21. நிபந்தனைத் தொகையைச் சேர்க்காமல் பார்த்தால் 2020 கோடையில் கணக்குப் புத்தகத்தில் மீதி 42 மில்லியன். ஆறு மாதம் படுத்திருந்த ஆளுக்கு, கோவிட் வருஷத்தில், யார் 42 கொடுப்பார்கள்? 25க்கு விற்றால் அன்றே 17 மில்லியன் நஷ்டம் புத்தகத்தில் ஏறும். வைத்துக்கொண்டால் ஏறுவது வருஷச் செலவும் சம்பளமும் மட்டும். அதனால் 2020இல் வைத்துக்கொண்டது சரி. 2020-21இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 44 ஆட்டம் ஆடினார். ஒரு வருஷம் பொறுத்ததற்கு அந்த 44 போதும்.

2022 ஜனவரி வேறு கதை. ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, புதியதில் அவர் கையெழுத்துப் போடவில்லை. 'ஒப்பந்தத்தை நீட்டு, அல்லது இந்த மாதமே கிளம்பு' என்று கிளப் வெளிப்படையாகச் சொன்னது. அவர் இரண்டையும் செய்யவில்லை. இங்கே அப்போதைய பயிற்சியாளர் சாவி ஹெர்னாண்டஸைப் பாராட்டவேண்டும்: வீம்புக்குப் பெஞ்சில் உட்கார வைக்காமல் ஆட விட்டார். அந்த சீசனின் லா லிகாவில் (ஸ்பெயின் லீகில்) 13 அசிஸ்ட்டோடு, அதாவது கோலுக்கு வழிசெய்த 13 பாஸோடு, முதலிடத்தில் முடித்தார் டெம்பெலே. வெறும் 21 லீக் ஆட்டத்தில். ஆடும் நாளில் இவர் என்ன தருவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2022 ஜூலையில் குறைந்த சம்பளத்துக்கு 2024 வரை கையெழுத்து. இதுவரை நல்ல வேலை. பழைய 105 மில்லியன் முழுவதும் செலவெழுதி முடிந்துவிட்டது. இனி யார் வாங்கினாலும் வருவதெல்லாம் லாபம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகையை, அதாவது கட்டினால் கிளப் மறுக்கமுடியாமல் ஆளை விடவேண்டிய தொகையை, சுமார் 50 மில்லியனாக வைத்தார்கள். அதில் பாதி வரை ஆட்டக்காரருக்கே என்றும் செய்திகள் சொல்லின. 2017இல் 400 மில்லியன் விடுவிப்புத் தொகை எழுதிய கிளப் இது! ஐந்து வருஷம் மருத்துவச் செலவையும் பொறுமையையும் போட்டு, ஆள் தேறிய நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டது. 2023இல் பிஎஸ்ஜி அந்தக் கதவு வழியாக வந்தது. பார்சிலோனாவின் பெரிய பிழை இதுதான், காயங்களைவிடப் பெரியது.

எங்கள் மதிப்பெண்: 2017 விலைக்கு 5க்கு 2. 2020இலும் 2022 தொடக்கத்திலும் வைத்துக்கொண்டதற்கு 4. 2022 ஒப்பந்தத்தின் விடுவிப்புப் பிரிவுக்கு 1.

பாரிஸ் என்ன வித்தியாசமாகச் செய்தது? ஆள் மாறிவிட்டார், 26 வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கற்றார் என்பது உண்மை. அதோடு இடமும் மாறியது. 2023-24 முதல் பிரெஞ்சு லீகில் 18 அணிகள்தான்; 34 ஆட்டம். லா லிகாவில் 38. அந்த நான்கு ஆட்ட வித்தியாசத்தைவிட முக்கியமானது, பிஎஸ்ஜி உள்ளூரில் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. சனிக்கிழமை டெம்பெலே இல்லாமலும் ஜெயிக்கலாம், 60ஆவது நிமிடத்தில் வெளியே எடுக்கலாம். பார்சிலோனா பல சீசனில் அப்படி ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கும் நிலையில் இல்லை. காயம் அடிக்கடி வரும் ஆட்டக்காரரின் உண்மையான விலை, அவரை உட்கார வைக்கும் நாளில் அணி இழக்கும் புள்ளிகள். அந்த விலை பாரிஸில் மலிவு.

முதல் சீசனில் 42 ஆட்டம், 6 கோல். கோல் குறைவு, ஆனால் உடம்பு தாங்கியது. 2024 டிசம்பரை ஒட்டி பிஎஸ்ஜி பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். கோல் பெருகியதை எல்லோரும் பேசினார்கள். எங்கள் கணிப்பில் உடம்புக்கும் அது உதவியது: ஓரக்கோட்டில் 40 மீட்டர் தனி ஓட்டம் குறைந்து, நடுவில் 10, 15 மீட்டர் பாய்ச்சல் கூடியது. 2025 மே 31, மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் இத்தாலியின் இன்டரை 5-0 என்று வென்றபோது அவர் கோல் அடிக்கவில்லை, இரண்டு அசிஸ்ட். இன்டர் கோல்கீப்பர் பந்தை உதைக்கும் ஒவ்வொரு முறையும் பாயத் தயாராகப் பெனால்டி பெட்டியின் விளிம்பில் குனிந்து நின்றார். கெட்டாஃபேயில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பையன்தான் அது. பார்க்கவே மனசு நிறைந்தது.

ஆனாலும் காயம் ஒழிந்துவிடவில்லை. 2025 ஜூனில் பிரான்ஸ் அணிக்கு ஆடித் தொடையில் காயம், கிளப் உலகக் கோப்பையின் குழு ஆட்டங்கள் போயின. செப்டம்பர் 5, உக்ரைனுக்கு எதிராக வலது ஹாம்ஸ்ட்ரிங்; ஆறு வாரம். உடல்நிலை பற்றி முன்கூட்டியே தகவல் கொடுத்தும் கேட்கவில்லை என்று பிஎஸ்ஜி பிரெஞ்சு சங்கத்தின் மேல் பகிரங்கமாகக் குறைப்பட்டது. தேசிய அணியில் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் சம்பளத்தை ஈடுசெய்யும், நாளுக்கு 20,548 யூரோ என்ற உச்சவரம்போடு. முதல் 28 நாளும் கிளப் தலையில்தான். இழந்த புள்ளிகளுக்கு ஈடு கிடையாது.

பாரிஸ் கொள்முதலுக்கு 4.5. அரை மதிப்பெண் குறைந்தது, செப்டம்பர், அக்டோபர் மாதங்களை யாராலும் உறுதி செய்யமுடியாது என்பதற்காக.

எல்லாக் காயக்காரர்களையும் பொறுத்துக்கொண்டிருந்தால் போதுமா என்றால், போதாது. எடென் அசார் அதற்குச் சாட்சி. 2019இல் ரியல் மாட்ரிட் 100 மில்லியன் யூரோ அளவில் கொடுத்தது. நான்கு சீசனில் 76 ஆட்டம், 7 கோல், 32 வயதில் ஓய்வு. வாங்கும்போது அவருக்கு வயது 28. 2017இல் ஏற்கெனவே வலது கணுக்கால் முறிந்திருந்தது. 2019 நவம்பரில் அதே கணுக்காலில் அடி, 2020 பிப்ரவரியில் மறுபடி எலும்பு விரிசல், அறுவைச் சிகிச்சை. தசையை வலுவேற்றலாம். முறிந்து ஒட்டிய மூட்டில், சட்டென்று திரும்பும் அசைவையே நம்பி வாழும் ஆட்டக்காரருக்கு, ஒரு அளவுக்கு மேல் எந்தப் பயிற்சியும் கைகொடுக்காது. முதல் வருஷம் முடிந்ததுமே மாட்ரிட் நஷ்டத்துக்கு விற்றிருக்கவேண்டும். நேர்மாறாக, 2009இல் காயக்காரர் என்று பெயரெடுத்த ஆர்யன் ராபனை விட்டது அதே மாட்ரிட்தான். சுமார் 25 மில்லியனுக்கு வாங்கிய ஜெர்மனியின் பாயர்ன் அவரைப் பத்து சீசன் வைத்திருந்தது, 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வெற்றி கோலை அடித்ததும் அவர்தான். அவருடைய தொல்லையும் பெரும்பாலும் தசைதான்.

இப்படி ஒருவரை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தால், செய்யவேண்டியது நிறைய. எம்ஆர்ஐ சுத்தமாக வந்தது என்று மட்டும் பார்த்து இறக்கக்கூடாது. பயிற்சியில் அவருடைய உச்ச வேகத்தில் 95 சதவீதத்தை, தனித்தனி நாள்களில், பலமுறை வலியில்லாமல் தொட்டிருக்கவேண்டும். பிறகு முதல் ஆட்டத்தில் 20 நிமிடம், அடுத்ததில் 30, அதன்பின் 60. அந்த முதல் இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு முழு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். நார்டிக் பயிற்சி, அதாவது முழந்தாளிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து இறங்குவது, ஹாம்ஸ்ட்ரிங் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று; மெல்ல ஏற்றி ஐந்தாவது வாரத்தில் வாரம் மூன்று நாள், 12, 10, 8 என்று மூன்று சுற்று. இது தோற்பதற்குக் காரணம் ஒன்றே: முதல் வாரமே அதிகம் செய்து தசை வலித்து, ஆட்டக்காரர்கள் கைவிட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்யவைக்கும் பயிற்சியாளர்களும் உண்டு. அது வினையை விலைக்கு வாங்குவது.

சம்பளத்தில் அடிப்படையைக் குறைத்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூட்டுவது நல்ல வழி. ஆனால் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கருத்து. தாண்டினால் ஆட்டக்காரர் வலியை மறைத்து இறங்குவார். நாலு நாளில் சரியாகவேண்டியது நாலு மாதம் ஆகும்.

பாரிஸுக்கும் அந்தக் கேள்வி வரப்போகிறது. டெம்பெலேயின் 2023 ஒப்பந்தம் 2028 வரை. 50 மில்லியனை ஐந்தால் வகுத்தால், 2026 கோடையில் புத்தகத்தில் மீதி 20 மில்லியன்தான். 2028 மே 15 அன்று அவருக்கு 31 வயது. நீட்டுவதென்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் போகாமல், மூன்றாவது வருஷத்தை முந்தைய சீசனில் 30 ஆட்டம் ஆடியிருந்தால் மட்டும் என்று நிபந்தனையாக எழுதவேண்டும். விடுவிப்புத் தொகை என்ற வரியை அந்தக் காகிதத்தில் சேர்க்கவே கூடாது.