பிடித்த மீனை என்ன செய்வது? நியூயார்க், சூரிக், சிங்கப்பூர் விதிகள் ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் கையில் சிக்கிய மீனை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று நகரங்கள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. நியூயார்க், மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்கிறது. சூரிக், விடுவதற்காகவே பிடிக்கக் கூடாது என்கிறது. சிங்கப்பூரோ மீனின் முடிவைப் பிடித்தவரிடமே ஒப்படைத்துவிட்டு, எந்த இடத்தில், எந்த இரையால் பிடிக்கலாம் என்பதில் கண்டிப்பாக இருக்கிறது.

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் உள்ள ஹார்லெம் மீர் ஏரி ஏறக்குறைய 11 ஏக்கர்தான். அங்கே வருவோர் எல்லாரும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏரி விரைவில் வெறுமையாகிவிடும் என்பதால், நகரின் நன்னீர்க் குளங்கள் அனைத்திலும் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது விதி. 16 வயது நிரம்பியவர்களுக்கு மாநில உரிமம் தேவை. தூண்டிலை மூழ்கவைக்கும் ஈயக்குண்டுக்கும் எதிர்முள் உள்ள தூண்டிலுக்கும் அனுமதியில்லை. மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு, நம் ஊர் விராலின் உறவான வடக்கு விரால் என்னும் அயல் இனம். அது அந்த ஏரியில் காணப்பட்ட பிறகு, சிக்கினால் தண்ணீரில் விடாமல் அதிகாரிகளிடம் தெரிவிக்குமாறு 2013இல் அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள்.

இவற்றுள் எதிர்முள் பற்றிய விதியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு கூர், உள்ளே போன வழியில் திரும்பி வராது; வலிந்து இழுத்தால் மீனின் தாடைச் சதையையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். அதையே குறடால் ஒருமுறை நசுக்கித் தட்டையாக்கிவிட்டால், ஈரக் கையால் மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கியபடி முள்ளை லேசாகப் பின்னுக்குத் தள்ளிக் கழற்றிவிடலாம். உலர்ந்த கையால் பிடித்தால் மீனைக் காக்கும் வழவழப்புப் படலம் உரிந்துவிடும் என்பதால் கையை நனைத்துக்கொள்வதும் அவசியம். முள்ளைப் பற்றிய விதி இல்லாமல் மீனை விடுவதை மட்டும் கட்டாயமாக்கினால், புண்பட்ட மீனைத்தான் திருப்பி அனுப்புகிறோம்.

சூரிக்கின் வாதம் இன்னும் ஆழமானது. உண்ணும் நோக்கமே இல்லாமல், விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டுவதற்கு என்ன நியாயம் என்று அது கேட்கிறது. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணை, விடும் எண்ணத்தோடு மீன்பிடிப்பதைத் தடைசெய்தது. அளவில் சிறிய மீன்களைத் திருப்பி விடத்தான் வேண்டும். வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்கவிடாமல், தலையில் தட்டி மயக்கி உடனே கொல்ல வேண்டும். எதிர்முள்ளும் சில விலக்குகள் தவிர அங்கே கூடாது. ஆயினும் சூரிக் ஏரிக்கரையில் நின்று ஒற்றைத் தூண்டிலில் எளிய முறையில் மீன்பிடிக்க உரிமம் கேட்பதில்லை. பரந்த ஏரிக்கு இது பொருந்தும். ஹார்லெம் மீர் போன்ற சிறிய நீர்நிலைக்குப் பொருந்தாது.

சிங்கப்பூரில் உரிமம் தேவையில்லை. மெக்ரிட்ச்சி, லோயர் பியர்ஸ், பிடோக் போன்ற நீர்த்தேக்கங்களில் ஒதுக்கப்பட்ட கரைப்பகுதிகளில் மட்டும் தூண்டில் போடலாம். அதுவும் செயற்கை இரையால்தான். அது குடிநீர் என்பதால் மண்புழுவுக்கும் இறாலுக்கும் இடமில்லை என்பது முற்றிலும் சரியான விதி. ஆனால் தண்ணீரை இவ்வளவு அக்கறையோடு காக்கும் நகரம், பிடிபட்ட மீனின் வலியைப் பெரும்பாலும் பிடிப்பவரின் மனச்சாட்சிக்கே விட்டிருப்பது எனக்கு வருத்தமே. அங்கே பலர் தாமாகவே மீனை விட்டுவிடுகிறார்கள். இருந்தும், செயற்கை இரைகள் பலவற்றில் மும்முனை முட்கள் இருப்பதால், விடுவிக்கும்போது காயமும் கூடுகிறது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அறநெறியில் சூரிக்கின் பக்கமே நிற்பேன். நெருக்கடியான நகரத்தின் சிறிய குளத்துக்கோ நியூயார்க்கின் விதிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சிங்கப்பூர் தன் இட ஒதுக்கீட்டையும் இரைக் கட்டுப்பாட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றை முள்ளைக் கட்டாயமாக்கலாம். அறுந்த தூண்டில் நரம்பைப் போடுவதற்கென்று நியூயார்க் பூங்காக்களில் இருப்பது போன்ற குழாய்ப் பெட்டிகளையும் கரையோரங்களில் பரவலாக வைக்க வேண்டும். ஏனெனில் புல்லில் விட்டுச்சென்ற ஒரு முழ நரம்பு நாரையின் காலில் சுற்றிக்கொண்டால், அதைக் கழற்றிவிட அங்கே யாரும் இருப்பதில்லை.